நான்கு கோடும் தெரிகிற இடம்

உங்கள் போனில் வந்த அந்தப் பெயரைத்தானே கேட்கிறீர்கள், தம்பி? 'சலேத் மன்னிக்கவும்'. ஆமாம், எங்கள் வீட்டு வைஃபைதான். பக்கத்து வீட்டுக்காரருடையது என்று சொல்லிவிட்டு உங்களுக்குக் குளியலறையைக் காட்டப் போயிருக்கலாம். இதற்கு முன் மாடி போர்ஷனைப் பார்க்க வந்த இரண்டு பேரிடம் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் வாய் வரவில்லை. பெயரைப் படித்ததும் உங்கள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அதனால்கூட இருக்கலாம்.

உட்காருங்கள். மாடியை இன்னொரு தடவை பார்க்கலாம், நேரம் இருக்கிறது. மணி மூன்றுதான் ஆகிறது. மங்கை, தம்பிக்கு ஒரு காப்பி! சர்க்கரை போடலாம் அல்லவா? எனக்குக் கிடையாது, உங்களுக்குக் கேட்கிறேன்.

அதில் பூட்டு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பாஸ்வேர்டு கேட்காது. தொட்டால் திறந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தப் பூங்கா நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில் என் வைஃபைக்கு இருந்த காவல் கோடி வீட்டு நகைக்கடைக்காரருடைய பீரோவுக்குக்கூட இருந்திருக்காது.

என் பெயர் அம்பலவாணன். நில அளவைத் துறை. முப்பத்தாறு வருஷம் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சங்கிலி பிடித்து அளந்தவன். ஹெட் சர்வேயர் என்று சொல்வார்கள். 'தலைமை நில அளவர்' என்பதுதான் சரி. யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால், வாசல் பலகையில் மட்டும் போட்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

பிள்ளைகளா? ஒரே பெண். தமயந்தி. அறந்தாங்கியில் இருக்கிறாள். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அது வேறு விஷயம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்காக நெட் வைத்தேன். பழைய சமஸ்தான காலத்து நில அறிக்கைகளை எல்லாம் இப்போது ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். புதுக்கோட்டை தனி சமஸ்தானம், பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்ந்ததில்லை. படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சரி, அதை விடுங்கள். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். யார் யார் நம் வைஃபைக்குள் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள், எல்லாம் அதில் தெரியும். அவர் விளையாட்டாகத்தான் போட்டுக் கொடுத்தார். என்னிடம் அப்படி ஒரு பொருளைக் கொடுக்கலாமா?

ஒரு நாள் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு. என் போன், என் டேப்லெட். மங்கையிடம் இருப்பது பட்டன் போன், அதற்கு இதெல்லாம் தெரியாது. ஆப்பில் மூன்று இருந்தது. மூன்றாவதற்குப் பெயர் இல்லை, வெறும் எண்ணும் எழுத்தும். நான்கு மணி நான்கு நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. நான்கு நாற்பத்து மூன்றுக்குப் போயிருக்கிறது.

முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும்.

நான் தினமும் நான்கு மணிக்கு இங்கிருந்து கிளம்பி நூலகத்துக்குப் போவேன். ஐந்தேகாலுக்குத் திரும்புவேன். ஆக, வீட்டுக்காரன் இல்லாத நேரம் பார்த்து வருகிறார் என்று தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் வருவதில்லை. எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை, நான் வீட்டில் இருப்பேன். ஆனால் நான் அப்படி யோசிக்கவில்லை. 'வெள்ளியன்று ஓய்வு. பக்தி உள்ளவர் போலும்' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றினேன். இந்த மனையின் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் சேர்த்துப் போட்டேன். மறுநாள் நான்கு நான்குக்கு ஆள் உள்ளே. பரப்பளவைச் சேர்த்தேன். மறுநாளும் உள்ளே. மூன்றாவது தடவை நான்கு மூலைக்கும் உள்ள தூரத்தைச் சேர்த்துப் பதினாறு எழுத்தில் ஒன்று போட்டேன். நானே தப்பில்லாமல் அடிக்க இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் மாலை அதே நான்கு நான்கு. கடைசியில் பெயரையே மறைத்தேன். அப்படி ஒரு வசதி இருக்கிறது, யாருடைய பட்டியலிலும் தெரியாது. அன்றைக்கு நான்கு ஆறுக்கு வந்தார். என் பூட்டு எல்லாம் சேர்ந்து அவரை இரண்டு நிமிஷம் தாமதப்படுத்தியது.

ஒவ்வொரு பாஸ்வேர்டையும் என் நோட்டில் எழுதித்தான் வைத்தேன். தேதி போட்டு, பழையதைக் கோடடித்து, புதியதை எழுதி, அதோ அந்த மேஜையில். எழுதி வைக்காவிட்டால் எனக்கு அது நடந்த மாதிரியே இருக்காது.

மங்கையிடம் தினமும் சொல்வேன். "யாரோ பெரிய கெட்டிக்காரன்டி. ஹேக்கர்னு சொல்றாங்களே, அந்த மாதிரி."

"அப்படியா" என்பாள்.

ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "இவ்வளவு கஷ்டப்பட்டு உள்ள வர்றாங்கன்னா, பாவம், என்ன அவசரமோ என்னமோ" என்றாள்.

"அவசரம்னா வந்து கேக்கணும். கேட்டா குடுக்க மாட்டேனா?"

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "குடுப்பீங்களா?"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். வெண்டைக்காயை மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அளந்துவிட்டால் என்ன? ஒரு நிலத்துக்கு எல்லை இருக்கிற மாதிரி வைஃபைக்கும் எல்லை இருக்கத்தானே வேண்டும். எல்லைக்குள் யார் வீடு இருக்கிறதோ அவர்தான் ஆள். முப்பது மீட்டர் டேப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கங்கே நின்று போனில் எத்தனை சிக்னல் கோடு தெரிகிறது என்று பார்ப்பேன், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறி வைப்பேன், நோட்டில் எழுதுவேன். மொத்தம் இருபத்து மூன்று இடம். இரண்டு நாள் வேலை.

பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார். "என்ன சார், ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா? யார் வீடு போகுது?"

"இன்னும் முடிவாகலை" என்றேன். நல்ல சந்தோஷமாகச் சொன்னேன், தம்பி. ஓய்வு பெற்று நான்கு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

படம் வரைந்தேன். முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு வடிவம் வந்தது. கிழக்கே மின்கம்பத்தோடு முடிகிறது. எதிர்வீட்டில் ஒற்றைக் கோடு, அதுவும் வாசற்படி வரைதான். பின்வீட்டில் சுவர் மறைக்கிறது. முழுசாக நான்கு கோடு தெரிகிற இடம் ஒன்றே ஒன்று. எங்கள் மாடி. படிக்கட்டுத் திறப்பு வழியாக நேரே ஏறிப் போகிறது. அதிலும் மேற்கு ஜன்னல் ஓரம். ஒயரிங் பார்க்கிற சாக்கில் ஏறி அளந்தேன்.

மாடியில் சலேத் மேரி குடியிருந்தாள்.

முப்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. விடிகாலை ஷிஃப்ட், மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். கணவர் போய் நான்கு வருஷம். குழந்தை இல்லை. என்னை சார் என்பாள், மங்கையை அம்மா என்பாள். உறைக்கு மோர் வேண்டும் என்று கிண்ணத்தோடு இறங்கி வருவாள், வந்தால் அரைமணி நேரம் அடுக்களையில் பேச்சுக் கேட்கும். மூன்று வருஷம் இருந்தாள். ஒரு தடவைகூட வாடகைக்கு நான் மாடி ஏறியதில்லை.

எல்லாம் பொருந்தியது. நேரம் பொருந்தியது. வெள்ளிக்கிழமைகூட. கிறிஸ்தவர்களுக்கு வெள்ளி விசேஷம் அல்லவா? என் நோட்டில் அதையும் எழுதினேன். எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டேன்.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். மரியாதை உள்ளவன் அதைத்தான் செய்வான். எனக்கு வேடிக்கை தேவைப்பட்டது. மறைத்து வைத்திருந்த பெயரை மறுபடி தெரிகிற மாதிரி செய்து, அதையும் மாற்றினேன். தமிழில் அடித்தால் அந்தப் பெட்டி இத்தனை நீளம் ஆகாது என்றது. ஆங்கில எழுத்தில் அடித்தேன். 'மாடி வீடே திருடாதே'. தெருவில் யார் போனைத் திறந்து பட்டியலைப் பார்த்தாலும் முதலில் அதுதான் நிற்கும்.

என்ன மங்கை? ஆமாம், அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ... எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆறிவிடப் போகிறது. அவள் நிற்க மாட்டாள். இந்தக் கதையின் இந்த இடத்தில் அவள் நிற்பதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மாடியில் அன்பியக் கூட்டம். அவர்கள் சர்ச்சில் பத்துப் பதினைந்து வீடாகச் சேர்ந்து மாதம் ஒரு வீட்டில் ஜெபம் செய்வார்கள், அந்த மாதம் சலேத் வீட்டில். வாசலில் இருபது ஜோடி செருப்பு. பாட்டுப் பாடினார்கள், ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்தார்கள், நல்ல கலகலப்பு. நான் கீழே இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு அம்மாள் ஊருக்கு ஏதோ போட்டோ அனுப்பவேண்டும் என்று போனைத் திறந்திருக்கிறாள்.

"ஏ சலேத்து, இது என்னடி ஒங்க வீட்டுல? மாடி வீடே... திருடாதேன்னு வருது?"

சிரிப்பு கேட்டது. பிறகு இன்னொரு போன், இன்னொரு குரல் வாசித்தது. பிறகு சிரிப்பு நின்றது. இருபது பேர் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினால் கீழே இருப்பவனுக்கு மின்விசிறிச் சத்தம் தெரியும். எனக்குத் தெரிந்தது. 'புரிந்துவிட்டது' என்று நினைத்தேன். என் தொடையில் நானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன். அது ஞாபகம் இருக்கிறது. அது ஏன் இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்க வேண்டும்?

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு இறங்கி வந்தாள்.

"சார், மாசக் கடைசியில காலி பண்ணிக்கிறேன்."

"அது உன் இஷ்டம்மா. முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நாலு மணிக்கு என் வைஃபைக்குள்ள வர்றது நீதானே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, அடுக்களைக் கதவைப் பார்த்தாள். அங்கே மங்கை நின்றுகொண்டிருந்தாள். "என் போன்தான் சார்" என்றாள்.

"என் போன்தான்" என்றாள், தம்பி. "நான்தான்" என்று சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் பத்திரத்தில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் படித்தவன் நான். அன்றைக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது.

அடுத்து செய்ததைச் சொல்லவா வேண்டாமா என்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். நிலம் அளந்தால் பக்கத்து நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்குவோம், அளக்கும்போது நானும் இருந்தேன், அளவு சரி என்று. முப்பத்தாறு வருஷப் பழக்கம். முந்திரிப் பருப்புப் படத்தை மேஜையில் விரித்தேன். கீழே அழகாக எழுதினேன்: 'மேற்படி எல்லைக்குள் அனுமதியின்றிப் பிரவேசித்தது உண்மை.' அவளிடம் பேனாவை நீட்டினேன். இருபது பேருக்கு முன்னால் அவமானப்பட்டு வந்து நிற்கிற பெண்ணிடம் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

சாட்சி வேண்டுமே? மங்கையைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள், பேனாவை வாங்கினாள், போட்டாள். எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று. சர்க்கரை ஏறியிருக்கிறது போல என்று நினைத்தேன். "மாத்திரை போட்டியா?" என்றுகூடக் கேட்டேன்.

சலேத் மாதம் முடியக் காத்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாளே ஒரு டாட்டா ஏஸ் வைத்துச் சாமானை ஏற்றிப் போய்விட்டாள். திருக்கோகர்ணம் பக்கம். நாலு கிலோமீட்டர். நான் ஆப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு. என் போன், என் டேப்லெட். வேறு யாரும் இல்லை. என் எல்லைக்குள் என்னைத் தவிர யாருமே இல்லை. அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நூலகத்தில் கரண்ட் இல்லை என்று நாலேகாலுக்கே திரும்பி வந்தேன். மங்கை கீழே இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. ஏறிப் போனேன். காலி வீட்டில், மேற்கு ஜன்னல் ஓரம், வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன பண்றே?"

"நாலு மணியானா கால் தானா ஏறுது" என்றாள்.

பிறகு சொன்னாள். அழவில்லை, ஏதோ மளிகைக்கடையில் நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். இரண்டு வருஷமாக, நான் நூலகத்துக்குக் கிளம்பியதும் அவள் மாடிக்குப் போவாள். சலேத் தன் போனைக் கொடுத்துவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்துக்கொள்வாள். வீடியோ காலில் அந்தப் பக்கம் தமயந்தி. தமயந்தியின் மகள் இனியா. எனக்குப் பேத்தி. ஆறு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஆச்சியிடம் அன்றைய பாடத்தை ஒப்பிப்பாளாம். மூன்றாம் வாய்ப்பாடு வரை வந்தாயிற்றாம். முன்பல் இரண்டு விழுந்து 'மூவெட்டு' என்று சொன்னால் காற்றாக வருமாம். மங்கை அதைச் சொல்லிக் காட்டினாள். காலி வீட்டில் உட்கார்ந்து, பல் இல்லாத மாதிரி வாயை வைத்துக்கொண்டு, மூவெட்டு இருபத்து நாலு என்று சொல்லிக் காட்டினாள்.

நான் வெளியே துரத்தியது அந்த வாய்ப்பாட்டைத்தான், தம்பி.

பாஸ்வேர்டா? என் நோட்டைப் பார்த்துத்தான். நான் வாசல் தாண்டியதும் மேஜையில் இருப்பதைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவாளாம். பதினாறு எழுத்துக்காரன் மட்டும் அடிக்கக் கொஞ்சம் சிரமப்படுத்தினானாம். பெயரை மறைத்த அன்று அதையும் அடிக்க வேண்டியிருந்ததாம், இரண்டு நிமிஷம் ஆயிற்றாம். என் பெரிய ஹேக்கர் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், என்னோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா?"

"நான் என்ன உன்னைத் தடுத்தேனா?"

நான் தடுக்கவில்லை, தம்பி. 'அந்த வீட்டுக்கு இந்த வீட்டிலிருந்து போன் போகக் கூடாது' என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. ஆறு வருஷத்துக்கு முன்னால். அதை இவ்வளவு நாள் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"உறைக்கு மோர் குடுக்கிற மாதிரிதான் நெனச்சேன்" என்றாள். "குடுத்தா நம்ம சட்டியில கொறஞ்சா போயிடுது?"

"வேகம் குறையும்" என்றேன்.

அந்த நேரத்தில் அப்படிச் சொன்னேன். உண்மைதான், குறையும். ஆனால் சொன்னேன்.

தமயந்தி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரைகுறையாக இருக்கும். அவளுடைய மாமனார் வீடு அறந்தாங்கியில் ஒரு வாய்க்கால் ஓரம். யாரோ மனுப் போட்டார்கள், வாய்க்கால் புறம்போக்கை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று. அளக்க வேண்டிய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. சம்பந்தி வீடு, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு ஆள் போயிருப்பார். நான் எழுதவில்லை. நானே போனேன். முன்னறைச் சுவர் இரண்டடி மூன்று அங்குலம் உள்ளே வந்திருந்தது. எழுதிக் கொடுத்தேன். ஜேசிபி வந்தது. இனியாவுக்கு அப்போது மூன்று மாதம். அந்த முன்னறையில்தான் தூளி கட்டியிருந்தார்கள்.

"வேற ஆள் அளக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாள் தமயந்தி.

"வேற ஆள் அளந்தாலும் இதே அளவுதான் வரும்."

"வந்திருக்கட்டும். நீங்க அளந்திருக்க வேண்டாம்."

அதுதான் கடைசிப் பேச்சு. அளவு சரிதான். இன்றைக்குப் போய் அளந்தாலும் இரண்டடி மூன்று அங்குலம்தான். மாடி அளவும் சரிதான், பாருங்கள். ஆள் இருந்த இடத்தை ஓரடி பிசகாமல் கண்டுபிடித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தது என் மனைவி என்பது டேப்பில் வரவில்லை.

மறுநாளே மங்கைக்கு ஒரு போன் வாங்கினேன். பெரிய திரை, பேத்தி முகம் நன்றாகத் தெரியட்டும் என்று. அதோ ஃப்ரிட்ஜுக்கு மேலே, பெட்டியோடு இருக்கிறதே, அதுதான். ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பா வாங்கின போனிலிருந்து வந்தால் எடுக்க மாட்டேன் என்று தமயந்தி முன்பே சொல்லியிருக்கிறாளாம். இரண்டு வருஷம் அப்பாவின் வைஃபையில்தான் பேச்சு நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் வேண்டாம் என்றிருப்பாள். என் பெண் அல்லவா?

"அப்ப சலேத்து வீட்டுக்குப் போய்ப் பேசு, ஆட்டோ வைக்கிறேன்" என்றேன்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? சாட்சிக் கையெழுத்துப் போட்டவ" என்றாள்.

அதனால் நாலு மாதமாக அவள் இனியாவைப் பார்க்கவில்லை. வாய்ப்பாடு இப்போது எதுவரை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் போனேன். சலேத்தைப் பார்க்க, அவள் ஆஸ்பத்திரிக்கே. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ரிசப்ஷனில் என்ன விஷயம் என்று கேட்டார்கள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றா சொல்வது? 'சுகர் டெஸ்ட்' என்றேன். டோக்கன் கொடுத்தார்கள். என் முறை வந்தது, உள்ளே போனேன். அவளேதான். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் காட்டினாள். கையில் ரப்பரைக் கட்டினாள், நரம்பைத் தட்டிப் பார்த்தாள், ஊசி போட்டாள். வலிக்கவே இல்லை, தம்பி. எனக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், எல்லோரும் மூன்று தடவை குத்துவார்கள். அவள் ஒரே தடவை.

"கையை மடக்கிக்கங்க சார்" என்றாள். அவ்வளவுதான்.

தாள் சட்டைப் பையில் இருந்தது. கை மடங்கியிருந்தது, எடுக்க முடியவில்லை. இன்னொரு கை இருந்தது. பஞ்சைப் பார்த்து 'நன்றி' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை இருநூற்றுப் பத்து.

அன்றைக்குத்தான் வைஃபை பெயரை மாற்றினேன். பூட்டையும் எடுத்தேன். எந்தப் பெயரில் திட்டினேனோ அதே இடத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று தோன்றியது. மங்கைக்குப் படித்துக் காட்டினேன். "அவ திருக்கோகர்ணத்துல இருந்து இதைப் படிப்பாளாக்கும்?" என்று கேட்டாள். மின்கம்பத்தைத் தாண்டினால் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? நான்தானே அளந்தேன்.

சரி. நீங்கள் வீடு பார்க்க வந்தவர், உங்களை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்கிறேன். உங்கள் வேலை எங்கே என்று சொன்னீர்கள்? நான் கேட்கவே இல்லை.

எந்த ஆஸ்பத்திரி?

...

லேபிலா?

அப்படியானால் இங்கே வீடு காலியாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னது...

ஓ.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. இல்லை, உங்களை நான் எங்கே பேச விட்டேன்? என்ன சொன்னாள்? நல்ல வீடு என்றா? காற்று வரும், தண்ணீருக்குக் கஷ்டமில்லை. வேறு? வீட்டுக்காரரைப் பற்றி? ... ஒன்றுமே சொல்லவில்லையா? அந்தப் பெயர், அந்தக் கையெழுத்து, ஒன்றும்? யோசித்துச் சொல்லுங்கள். ... அப்படியானால் இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது நானேதான்.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள். மெதுவாக. உள்ளே கேட்கப் போகிறது.

'அங்க குடி போனா, நாலு மணிக்கு அந்தம்மாவுக்குப் போன் குடுங்க. ஏன்னு கேக்காதீங்க.' அப்படியே சொன்னாளா? அவள் வார்த்தையா, உங்கள் வார்த்தையா? ... நம்பரும் கொடுத்திருக்கிறாளா? 'தமயந்தி அக்கா' என்று போட்டு வைத்திருக்கிறீர்களா? எங்கே, காட்டுங்கள்.

இல்லை, வேண்டாம். காட்டாதீர்கள். பார்த்தால் எழுதி வைத்துக்கொள்வேன்.

மணி என்ன? மூன்று ஐம்பது. நான் கிளம்ப வேண்டும், நூலகம் திறந்திருக்கும். அந்தத் துணிப்பையை எடுங்கள். வாடகை, முன்பணம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், நீங்கள் இந்த வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். நான் மின்கம்பத்தைத் தாண்டிய பிறகு மங்கையைக் கூப்பிட்டு, மாடியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், சாவியோடு வாருங்கள் என்று சொல்லுங்கள். மேலே போனதும் போனைக் கொடுங்கள். சலேத் கொடுக்கச் சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள். என் பேச்சை எடுக்க வேண்டாம்.

முழங்கால் வலிக்காரி, நிற்க வைக்காதீர்கள். மேற்கு ஜன்னல் ஓரம், சுவரிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். அங்கேதான் நான்கு கோடும் வரும். அளந்து வைத்திருக்கிறேன்.